அரிக்கமேடு

தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்து குடியேறிய மக்கள் காலப்போக்கில் தம் நாட்டாராலேயே மறக்கப்படுதலும், பின்வந்தோர் அவர்களைத் தேடிச் செல்லுதலும் உலக வரலாற்றில் உண்டு. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து சென்ற நார்வே இனத்தவர் வடகடலிலுள்ள கிரீன்லாந்துத் தீவில் குடியேறினர். 1408-ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த திருமணம் ஒன்றன் குறிப்போடு அவர்களைப் பற்றிய எழுத்துச் சான்று முடிந்துவிடுகின்றது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், 1721-இல், ஹான்ஸ் எகெடே என்னும் பாதிரியார், அவர்தம் வழியினர் இன்னும் அங்கு வாழ்வர் என்று நம்பிக் கப்பலேறினார். ஆங்கு அவர் கண்ட மக்கள் இன்யூட் இனத்தவரே. பழைய குடிகளில் ஒருவரும் இலர். இடிந்த சுவர்களே எஞ்சியிருந்தன.

நம் தமிழ் நிலத்திலும், மறைந்த ஐரோப்பியக் குடியிருப்பு என்று ஒருகாலத்தில் கருதப்பட்ட இடம் ஒன்று உண்டு. அதுவே அரிக்கமேடு. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அது அமைந்துள்ளது. பன்னூற்றாண்டுகளாக அம்மேட்டின் பெருமையை அறிந்தார் இலர். சுவர்களின் செங்கற்களைப் பெயர்த்துப் பிற கட்டடங்களுக்குக் கொண்டு சென்றனர். மழை பெய்து மண் கரையுந்தோறும் நிறமணிகள் வெளிப்பட்டன. சிறுவர்கள் அவற்றைப் பொறுக்கினர்.

1937-இல் ஜூவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அம்மணிகளைத் திரட்டினார். அவற்றுள் ஒன்றில் ஆடவன் தலை செதுக்கப்பட்டிருந்தது. அதனை உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என அவர் கருதினார். பின்னர், இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராயிருந்த மார்ட்டிமர் வீலர், அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடித் துண்டொன்றைச் சென்னை அருங்காட்சியகத்தில் கண்டு வியந்தார். 1945-இல் அவர் அம்மேட்டை முறையாக அகழ்ந்தார். இத்தாலி நாட்டுச் செந்நிற மெருகுக் கலங்களும், இருபுறமும் கைப்பிடியுடைய மதுச்சாடிகளும், ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள பண்டகசாலையும் வெளிப்பட்டன. தொட்டிகள் சிலவும் கிடைத்தன. அவை துணிக்குச் சாயந்தோய்த்தற்கு உரியன என்று வீலர் கருதினார். ஆரணி, தேசூர் முதலிய நெசவூர்களில் நூல் சாயமேறுதலைக் கண்டோர்க்கு அக்கருத்து எளிதில் விளங்கும்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல் கூறும் ‘பொதுகே’ என்ற துறைமுகம் இதுவே என்பர் அறிஞர். இத்தனை சான்றுகளையும் கண்டோர், யவனர் வந்து நிறுவிய ஊரே இது என எண்ணியது இயல்பே.

ஆயினும், ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1947 முதல் 1950 வரை கசால் என்பவரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் குழுவினரும் மீண்டும் அகழ்ந்தனர். யவன வாணிகம் செழிப்பதற்கு முன்னரே அங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதும், அவ்வாணிகம் தளர்ந்த பின்னரும் ஊர் நிலைத்தது என்பதும் புலனாயின. உட்புறத்தில் வளையக் கோலமிட்ட மெல்லிய தட்டுகளை மேலைநாட்டுப் பண்டமென்றே முன்னர்க் கருதினர். அவற்றின் களிமண்ணைச் சோதித்தபோது, அது இந்திய மண்ணே என்று தெரிந்தது. மணிகளும் அவ்வூரிலேயே செய்யப்பட்டன. பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் காணப்பட்டன. எனவே, அரிக்கமேடு அயலார் ஆக்கிய குடியேற்றம் அன்று. நம் முன்னோர் தொழில் வளர்த்த பட்டினம். யவனர் அதனை நாடி வந்த வணிகரே ஆவர்.

சந்தையில் அயலூர் வண்டிகள் நிற்றலால் அச்சந்தை அயலூராருக்கு உரியது ஆகிவிடுமோ? ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது வேறு. அது கிடைத்த ஊர் யாருடையது என்பது வேறு. இவ்விரண்டையும் மயங்கக் கொள்வோமாயின், மணி கோத்த கைகளையும் கலம் வனைந்த கைகளையும் மறந்தவராவோம். அயலார் பொருள் என்று ஒன்றும் இல்லை எனச் சாதிப்பதும் அத்தகைய பிழையே.

மாணவர்களே! பழம்பொருள் தான் கிடந்த மண்ணடுக்கோடு சேர்ந்திருக்கும்போதே தன் காலத்தைக் காட்டும். பெயர்த்தெடுத்த செங்கல் வெறுங்கல்லே. நும் ஊர்ப்புறத்து மேட்டில் பழைய ஓடோ மணியோ தென்படின் அதனைத் தோண்டற்க. இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியர்க்கு அறிவிப்பீராக.