சேலம் வழியாகப் போன மேலவை

(தொடர் – 17)

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையோரத்தில் ஒரு பழைய வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது அதுதான். உள்ளே ஸ்டூடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. வளைவின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறவர்களை எந்த நேரத்திலும் பார்க்கலாம்.

1950-ல் வெளிவந்த 'மந்திரி குமாரி' இந்த நிறுவனத்தின் படம். வசனம் மு. கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். ராஜகுரு தன் மகனைத் தளபதியாக்கப் பார்க்கிறார். ராஜாவோ வேறொருவரை நியமித்துவிடுகிறார். படத்தில் நடக்கிற அத்தனை ரகளையும் அந்த ஒரு நியமனத்தில் முளைத்தது. முப்பத்தாறு வருஷம் கழித்து, கதாநாயகன் முதலமைச்சராக இருந்தபோது, இன்னொரு நியமனத்தில் கிளம்பிய ரகளைக்குப் பின்னால் தமிழ்நாட்டின் சட்ட மேலவையே இல்லாமல் போயிற்று. வசனகர்த்தா அன்றைக்கு அந்த மேலவையின் உறுப்பினர்.

இந்த வாரம் மேலவையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று ராசிபுரத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அதுக்கு நான் ஓட்டே போட்டிருக்கேன் கண்ணு" என்றார். "முத்திரை குத்தறதெல்லாம் கெடையாது. பேருக்கு நேரா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண் எழுதோணும். எங்க வீட்டுல அவளும் டீச்சர்தான். ஆனா ஆரம்பப் பள்ளி. அவளுக்கு ஓட்டு இல்லைன்னுட்டாங்க. அன்னைக்குப் பூரா எங்கூடப் பேசலையே!"

அந்த அம்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. மேலவையில் மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு. பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, அதே அளவு ஆசிரியர்களுக்கு. ஆசிரியர் என்றால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் நடத்துகிறவர் மட்டும். 'அ' எழுதக் கற்றுத்தருகிறவர் கணக்கில் வரமாட்டார். மிச்சமிருக்கிற ஆறில் ஒரு பங்கு ஆளுநரின் நியமனம். சண்டையெல்லாம் இந்த ஆறில் ஒரு பங்கில்தான்.

நியமன உறுப்பினரைக் கொண்டு ஆட்சி அமைப்பது இந்தப் பகுதிக்குப் பழகிய சங்கதி. 1926 தேர்தலில் சென்னை மாகாண சட்டசபையில் சுயராஜ்யக் கட்சிக்கு அதிக இடங்கள் கிடைத்தன. ஆனால் அவர்கள் பதவி ஏற்க மறுத்தார்கள். கவர்னர் கோஷன் பிரபு, திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்து ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயனைக் கூப்பிட்டார். சுப்பராயனுக்குப் பின்னால் கட்சி இல்லை. 34 நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். அந்த பலத்தில்தான் அவர் முதல் மந்திரியானார். அன்று இருந்தது ஒரே அவை. மேலவை, கீழவை என்ற பிரிவு 1937-ல்தான் வந்தது. சுப்பராயனுடையதைக் கவர்னரின் பொம்மை மந்திரிசபை என்று ஏசினார்கள். ஆனால் அதே மந்திரிசபையின் காலத்தில்தான் அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி உத்தரவு உண்மையில் நடைமுறைக்கு வந்தது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் நியமனத்தின் வழியாகத்தான் அவைக்குள் நுழைந்தார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் எழுப்பிய குரல் அங்கிருந்துதான் ஒலித்தது. நியமனம் என்றாலே அழுகல் என்று சொல்ல எனக்கு வாய் வராதது இதனால்தான்.

அடுத்தது 1952. 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தவை 152. முதலமைச்சர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். முன்னாள் முதல்வர் பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து, எங்களிடம் பெரும்பான்மை இருக்கிறது என்று நின்றன. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். ராஜாஜி நம் ஊர்க்காரர். சேலத்தில் வக்கீல் தொழில் செய்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர், 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். இலக்கியம், சமூக சேவை என்ற தகுதிகளை வைத்துப் பார்த்தால் அவருக்கு மேல் ஓர் ஆள் அன்றைக்கு மாநிலத்தில் இல்லை. ஆனால் அவரை நியமித்தது மகாபாரதம் எழுதியதற்காகவா? கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார். மனு தள்ளுபடியானது.

சட்டப்படி சரி. ஆனாலும் வாசல் தவறு என்றுதான் நான் சொல்வேன். ராஜாஜிக்கு அப்போது 73 வயது. சேலத்திலோ திருச்செங்கோட்டிலோ ஓர் இடைத்தேர்தலில் நின்றிருந்தால், அடுத்த இரண்டு வருஷம் அவரை யாரும் கொல்லைப்புறமாக வந்தவர் என்று சொல்லியிருக்க முடியாது. அவர் கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்களுக்கு அந்த வார்த்தை நல்ல ஆயுதமாகக் கிடைத்தது. 1954-ல் அவருக்குப் பின் வந்த காமராஜர் நேரே குடியாத்தம் இடைத்தேர்தலுக்குப் போனார். 1967-ல் அண்ணா மேலவை வழியாகத்தான் வந்தார். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தார். மூன்று முதல்வர்கள், மூன்று வாசல்கள்.

மேலவைக்கு நல்ல முகமும் இருந்தது. மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் அங்கே உறுப்பினராக இருந்தார். கடைசித் தலைவர் ம.பொ.சி. அதிகாரம் என்று பார்த்தால் அந்த அவைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பண மசோதாவைத் தொட முடியாது. மற்ற மசோதாக்களை முதலில் மூன்று மாதம், திரும்பி வந்தால் ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். அவ்வளவுதான்.

1986-க்கு வருவோம். நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமிக்க எம்.ஜி.ஆர். அரசு பரிந்துரைத்தது. திவால் ஆனவர் என்று நீதிமன்றம் அறிவித்தவர், அதிலிருந்து விடுபடும்வரை உறுப்பினராக முடியாது என்பது சட்டம். நிர்மலா பேரில் அப்படி ஓர் உத்தரவு இருந்தது. வழக்கு வந்தது, நியமனம் நின்றது, அரசுக்குத் தலைகுனிவு. அதற்குச் சில மாதம் முன்னால் உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. பல நகராட்சிகளைப் பிடித்திருந்தது. அப்படியென்றால் மேலவையின் உள்ளாட்சிப் பங்கிலும் அவர்கள் கை ஓங்கும். இரண்டில் எது காரணம் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். மே 14 அன்று மேலவையைக் கலைக்கத் தீர்மானம் நிறைவேறியது. நவம்பர் 1 முதல் மேலவை இல்லை. 63 இடங்கள் கொண்ட அவையின் உறுப்பினர்கள் வீட்டுக்குப் போனார்கள். கருணாநிதியும்.

பிறகு நடந்தது சீசா விளையாட்டு. 1989-ல் தி.மு.க. மேலவை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1991-ல் அ.தி.மு.க. வேண்டாம் என்றது. 1996-ல் வேண்டும், 2001-ல் வேண்டாம். 2010-ல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி 78 இடங்கள் என்று கணக்கும் போட்டது. அதில் 12 நியமனம். தொகுதி பிரிக்கிற வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2011 தேர்தல் வந்து, ஆட்சி மாறி, மறுபடி வேண்டாம். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. மீண்டும் வேண்டும் என்றது. ஆந்திரத்தில் கதை இன்னும் வேடிக்கை. 1985-ல் என்.டி.ஆர். ஒழித்தார், 2007-ல் திரும்பி வந்தது. 2020-ல் ஜெகன் அரசு ஒழிக்கத் தீர்மானம் போட்டு, மேலவையில் தன் பலம் கூடியதும் 2021-ல் அந்தத் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

இத்தனை தீர்மானங்களில் ஒன்றாவது நியமனத்தை எப்படிச் செய்வது என்று பேசியதா? வேண்டும், வேண்டாம் என்ற இரண்டு பொத்தான்களைத் தவிர மூன்றாவதை யாரும் தொடவில்லை. கனடாவில் செனட் முழுக்க நியமன அவை, 105 பேர். அதைக் கலைப்பதற்கு எல்லா மாகாணங்களும் சம்மதிக்க வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே கலைக்கிற பேச்சை ஓரம் வைத்துவிட்டு, 2016-ல் ஒரு சுதந்திரக் குழுவை அமைத்து, விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பிரதமர் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பரிந்துரைக்கிறார். பிரிட்டனில் 1999-ல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார்கள். குறை இல்லாத முறை எதுவும் இல்லை. ஆனால் அவர்கள் குறையைப் பேசுகிறார்கள்.

இங்கே பேச வேண்டிய ஒரு வார்த்தை அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மாநிலங்களவைக்குக் குடியரசுத் தலைவர் நியமிக்கிற 12 பேருக்கு இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று நான்கு தகுதிகள். மாநில மேலவைக்கு ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: கூட்டுறவு இயக்கம். சேலம், நாமக்கல் பக்கம் இருப்பவருக்கு இதைப் படித்ததும் ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஞாபகம் வரும், நெசவாளர் சங்கங்கள் ஞாபகம் வரும், விடியற்காலையில் கேனோடு பால் சொசைட்டி வரிசையில் நிற்கிற பெண்கள் ஞாபகம் வரும். மரவள்ளி விலை விழுந்தால் என்ன ஆகும் என்று ஆத்தூர்க்காரர் ஒருவர் அவையில் எழுந்து சொல்வதை நினைத்துப் பாருங்கள். அந்த நாற்காலிக்குத்தான் கட்சி ஆபீஸிலிருந்து பெயர் வந்தது.

என் யோசனை பெரிதல்ல. நியமனம் பெற்றவர் அந்தக் காலம் முடியும்வரை அமைச்சராகவோ முதல்வராகவோ ஆகக் கூடாது. அது ராஜாஜியாகவே இருந்தாலும். யாரை, எந்தத் தகுதிக்காக என்று காரணத்தோடு பெயர்களை முன்கூட்டியே வெளியிட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் தர வேண்டும். 1986-ல் அந்த ஒரு மாதம் இருந்திருந்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயம் தபாலிலேயே தீர்ந்திருக்கும். ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு ஓட்டு கொடுக்க வேண்டும். இதெல்லாம் செய்யாமல் பழைய சட்டத்தை அப்படியே தூசி தட்டி எடுப்பதாக இருந்தால், மேலவை இல்லாமலே இருந்துவிடலாம்.

இந்தப் பக்கத்தில் மேலவைத் தேர்தலில் ஓட்டுப் போட்ட ஆசிரியர்கள், பட்டதாரிகள் இன்னும் இருப்பீர்கள். எந்த வருஷம் போட்டீர்கள், எந்தப் பள்ளியில் சாவடி, யார் வந்து ஓட்டுக் கேட்டார்கள் என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். எண் போட மறுக்கப்பட்ட ஆரம்பப் பள்ளி டீச்சர்களும் எழுதலாம்; அவர்கள் கடிதம்தான் முதலில் அச்சாகும்.