தாழ்த்தப்படும் கார்: கொயிலோவர் வில்லின் எந்திரவியலும் மலிவின் விலையும்

மோட்டார்க் காரொன்றின் உடலைத் தரைக்கு அண்மையாகத் தாழ்த்துதல் மேலை நாட்டு இளைஞரின் அலங்கார ஆசை எனக் கருதி ஒதுக்கிவிடும் போக்கு கற்றோரிடையே காணப்படுகின்றது. ஆயின் அவ்வாசை ஆயிரக்கணக்கான உழைக்கும் இளைஞரைக் கராச்சுகளுக்குள் இட்டுச்சென்று, வில், உராய்வு, அதிர்வு ஆகியவற்றைத் தம் கையாலேயே அறியச் செய்திருக்கின்றது. அதேவேளை, பாடப்புத்தகம் சில வரிகளில் கூறும் விதியொன்றைப் புறக்கணிப்பின் விளைவது யாது என்பதையும் அது காட்டுகின்றது. பிறிதொரு காருக்கென ஆக்கப்பட்ட மலிவான கொயிலோவர்த் தொகுதியைச் சிறிய ஹச்பக் கார் ஒன்றிற் பொருத்தும் வழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் எந்திரவியலையும் அதனுள் மறைந்திருக்கும் சமூக வினாவையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

1974ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளிவந்த வொக்ஸ்வாகன் கோல்ஃப் இவ்வாய்வுக்குத் தக்கதொரு காராகும். அதன் முன்சில்லுகள் மக்ஃபேர்சன் தாங்கி எனப்படும் அமைப்பிலே தொங்குகின்றன. 1940களில் முதலில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்திலும் பின்னர் ஃபோர்ட் நிறுவனத்திலும் பணியாற்றிய ஏள் மக்ஃபேர்சன் என்னும் பொறியியலாளரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. பிரித்தானியாவில் 1950இல் அறிமுகமான ஃபோர்ட் கொன்சல், செஃபயர் ஆகிய கார்கள் அவ்வமைப்பைப் பரவலாக்கின. வில்லும், அதிர்வைத் தணிக்கும் சொக் அப்சோபரும், சில்லைத் தாங்கும் தூணும் ஒன்றாக இணைந்தமையால் பாகங்கள் குறைந்தன. உற்பத்திச் செலவும் குறைந்தது. சாதாரண மக்களுக்கான சிறு கார்களில் அது நிலைபெற்றமைக்கு இச்சிக்கனமே முதற் காரணம் எனலாம்.

கோல்ஃபின் இரண்டாம் தலைமுறை 1983இலும் மூன்றாம் தலைமுறை 1991இலும் வந்தன. இவ்விரு தலைமுறைகளினதும் நான்கு உருளைப் பொறி வகைகளின் தொங்கலமைப்புகள் பெரிதும் ஒத்திருந்தமையால், இரண்டுக்கும் பொதுவான ஒரே தொகுதியை விற்கும் உற்பத்தியாளர் பலராவர். ஒன்றுக்குரியதை மற்றொன்றிற் பொருத்தலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது இவ்விடத்தேதான். அந்நம்பிக்கை முற்றும் பிழையானதன்று. ஆனால் அதற்கு எல்லை உண்டு. மூன்றாம் தலைமுறையிலேயே ஆறு உருளைகளைக் கொண்ட பாரமான பொறியுடன் வந்த வகையின் முன்வில்கள் வன்மை கூடியவை. 1997இல் வந்த நான்காம் தலைமுறையிற் பின்வில்லும் சொக் அப்சோபரும் வெவ்வேறிடங்களிற் பிரித்து வைக்கப்பட்டன. ஆகவே பெயரின் ஒற்றுமை பொருத்தத்துக்குச் சான்றாகாது.

கொயிலோவர் என்பது யாது?

சொக் அப்சோபரின் உடலைச் சுற்றிச் சுருள்வில் அமைந்திருப்பதாலேயே இப்பெயர் வந்தது. சந்தையில் அப்பெயரால் விற்கப்படுவதற்கு மேலும் ஓர் இயல்பு உண்டு. உடலின் வெளிப்புறத்திலே மரை வெட்டப்பட்டு, வில்லின் கீழ் அந்தம் அமரும் வளையத்தை மேலும் கீழும் திருகி நகர்த்தக்கூடியதாக இருக்கும். வளையத்தைக் கீழே இறக்கினால் கார் தாழும்.

ஈண்டு பரவலான தப்பபிப்பிராயம் ஒன்றைச் சுட்டுதல் தகும். வளையத்தை மேலே திருகினால் வில் வன்மையாகிவிடும் எனப் பலர் கருதுவர். ஒரே சீரான சுருள்வில்லின் வன்மை அவ்வாறு மாறுவதில்லை. தாங்கும் பாரம் அதேயாயின் வில்லின் சுருக்கமும் அதேயாகும். காரின் உயரம் மட்டுமே மாறுகின்றது. இழுவிசையும் நீட்சியும் விகிதசமம் என 1678இல் றொபேட் ஹூக் வெளியிட்ட விதியின் நேரடி விளைவு இது.

வில்லின் வன்மையை அளத்தல்

மலிவான தொகுதிகளுடன் வில்லின் வன்மை பற்றிய விவரம் பெரும்பாலும் வருவதில்லை. எனினும் அதனை அறியாதிருத்தற்கு நியாயமில்லை. வேணியர் இடுக்கி ஒன்றே போதுமானது. கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கை உருக்கின் விறைப்புக் குணகத்தாற் பெருக்கி, சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்கை 8ஆலும் தொழிற்படும் சுற்றுகளின் எண்ணிக்கையாலும் பெருக்கி வரும் தொகையால் அதனைப் பிரித்தால் வன்மை கிடைக்கும். உருக்கின் விறைப்புக் குணகம் சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 79,000 நியூற்றன் ஆகும்.

கம்பியின் விட்டம் 12 மில்லிமீற்றர், சுருளின் விட்டம் 120 மில்லிமீற்றர், தொழிற்படும் சுற்றுகள் 5 எனக் கொள்வோம். வன்மை மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 24 நியூற்றன் ஆகும். கம்பி மட்டும் 14 மில்லிமீற்றர் ஆயின் அது ஏறத்தாழ 44 ஆக உயரும். கண்ணுக்குப் புலப்படாத 2 மில்லிமீற்றர் வேறுபாடு வன்மையை நூற்றுக்கு 85 வீதம் கூட்டிவிடுகின்றது. இரு வில்கள் ஒரே உயரமும் ஒரே நிறமும் உடையன என்பதால் அவை ஒன்றெனக் கொள்ளுதல் எத்துணை ஆபத்தானது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

வில்லும் தணிப்பும்

முன்சில்லு ஒன்றின் மேல் அமரும் உடலின் திணிவு 250 கிலோகிராம் எனக் கொள்வோம். வில்லின் வன்மை மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் ஆயின், உடல் செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 தடவை மேலும் கீழும் ஊசலாடும். பாரமான காரொன்றிலிருந்து பெற்ற 50 நியூற்றன் வன்மையுள்ள வில்லை வைத்தால் இம்மீடிறன் 2.25 ஆகின்றது. முன்னையது வசதியான பயணத்துக்குரியது. பின்னையது சாதாரண வீதியில் முதுகெலும்பை வருத்துவது.

இதனினும் பாரதூரமானது தணிப்பின் பிரச்சினை. அதிர்ந்த உடல் ஊசலாடாமல் மீண்டு அமைதியடைவதற்கு வேண்டிய எல்லைத் தணிப்பு, வன்மையினதும் திணிவினதும் பெருக்கத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. முதல் வில்லுக்கு எல்லைத் தணிப்பின் நூற்றுக்கு 30 வீதத்தை வழங்கும் சொக் அப்சோபர், இரண்டாம் வில்லுக்கு 19 வீதத்தையே வழங்கும். மேட்டின்மேல் ஏறியிறங்கிய கார் அடுத்த மேட்டை அடையுமுன் அமைதியடையாது. டயர் தரையை அழுத்தும் விசை கூடியும் குறைந்தும் மாறிக்கொண்டிருக்கும்; குறையும் கணத்தில் பிறேக்கும் சுக்கானும் பயன் குன்றும். வன்மையான வில் காரை வீதியோடு ஒட்டவைக்கும் என்னும் நம்பிக்கை இவ்விடத்தே தகர்ந்துவிடுகின்றது.

முன்வில்லுக்கும் பின்வில்லுக்குமிடையே பேணவேண்டிய உறவும் உண்டு. 1930களில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தில் ஆய்வு நிகழ்த்திய மொறிஸ் ஒலி, முன்புறத்தின் ஊசல் மீடிறன் பின்புறத்தினதைக் காட்டிலும் குறைந்திருத்தல் வேண்டும் எனக் கண்டார். மேட்டை முன்சில்லு முதலிற் சந்திக்கின்றது. பின்சில்லு சிறிது தாமதித்தே சந்திக்கின்றது. பின்புறம் விரைந்து ஊசலாடினால் அது முன்புறத்தை எட்டிப்பிடித்து, உடல் தொட்டில்போல் முன்பின் ஆடுவதைத் தவிர்க்கும். வேறொரு காரின் நிறைப் பரம்பலுக்கென அமைந்த தொகுதி இவ்வொழுங்கைக் குலைத்துவிடக்கூடும்.

தாழ்த்துவதனால் வருவனவும் போவனவும்

தாழ்த்துதலாற் பயன் இல்லையெனல் நேர்மையன்று. ஈர்வை மையம் தரையிலிருந்து 550 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து 510 ஆக இறங்கினால், வளைவிலே உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்கு மாறும் பாரம் நூற்றுக்கு ஏறத்தாழ 7 வீதம் குறையும்.

ஆனால் மக்ஃபேர்சன் அமைப்பில் மறைந்துள்ள முரண் ஒன்று அவதானிக்கத்தக்கது. வளைவில் உடல் சாயும்போது உருளல் மையம் எனப்படும் புள்ளியைப் பற்றியே சாய்கின்றது. கார் தாழத்தாழச் சில்லைத் தாங்கும் கீழ்க்கை கிடைநிலையைத் தாண்டி, வெளி அந்தம் மேல்நோக்கியதாகச் சரிகின்றது. அப்பொழுது உருளல் மையம் ஈர்வை மையத்தைக் காட்டிலும் விரைவாக இறங்கிவிடும். இரண்டுக்குமிடைப்பட்ட தூரமே உடலைச் சாய்க்கும் நெம்புகோலாகலின், வில்லை மாற்றாது அளவுமீறித் தாழ்த்திய கார் முன்னரிலும் கூடுதலாகச் சாயும். சாயாதிருக்கத் தாழ்த்தியவர் சாய்வை விலைக்கு வாங்கியவராகின்றார். அன்றியும், சுக்கானின் இணைப்புத்தண்டும் கீழ்க்கையும் வெவ்வேறு வில்வரைகளில் நகர்வதால், மேடுபள்ளங்களிலே சில்லு ஓட்டுநரின் கட்டளையின்றித் தானாகவே திரும்பும்.

இனிப் பிறேக்கை நோக்குவோம். இவ்வகைச் சிறு கார்கள் பலவற்றில், பின்சில்லுகளுக்குச் செல்லும் பிறேக் அமுக்கத்தை ஒழுங்குசெய்யும் கருவியொன்று பின்னச்சுடன் சிறு வில்லொன்றினால் இணைக்கப்பட்டிருக்கும். பின்புறம் தாழ்ந்தால் பயணிகளும் பொதிகளும் ஏற்றப்பட்டிருப்பதாகக் கொண்டு அது பின்பிறேக்கின் அமுக்கத்தைக் கூட்டும். கொயிலோவரினால் நிரந்தரமாகத் தாழ்த்தப்பட்ட வெறுங்காரையும் பாரம் ஏற்றிய காராகவே அது கொள்ளும். மழைநாளில் ஓட்டுநர் திடீரெனப் பிறேக்கை அழுத்துகையிற் பின்சில்லுகள் முந்திப் பூட்டிக்கொள்ள, கார் சுழன்றுவிடலாம். அக்கருவியை மீண்டும் சரிசெய்தல் வேண்டும் என்பதை மலிவான பெட்டிக்குள் வரும் துண்டுத்தாள் எப்போதும் கூறுவதில்லை.

செய்முறை பற்றிச் சில குறிப்புகள்

பழைய தாங்கியிலிருந்து வில்லைக் கழற்றுதலே இவ்வேலையில் மிகவும் ஆபத்தான கட்டமாகும். மில்லிமீற்றருக்கு 20 நியூற்றன் வன்மையுள்ள வில்லை 150 மில்லிமீற்றர் சுருக்கினால் அதனுள் 225 யூல் சக்தி அடங்கும். 23 கிலோகிராம் பாரமொன்று ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது ஒப்பாகும். தகுந்த வில் அமுக்கியின்றி உச்சிச் சுரையைக் கழற்றியோர் கையையும் முகத்தையும் இழக்கக்கூடும்.

பொருத்துமுன் பழைய தாங்கியையும் புதியதையும் அருகருகே கிடத்தி, கீழ்ப்பற்றியின் துளை இடைவெளி, மரையாணியின் விட்டம், உச்சிக் கிண்ணத்தின் அளவு, பிறேக் குழாய் தொங்கும் இடம் ஆகியவற்றை அளந்து ஒப்பிடுதல் வேண்டும். துளையை அராவிப் பெரிதாக்கிப் பொருத்துதல் எவ்வாற்றானும் தகாது. இறப்பர்ப் புதைகளின் மரையாணிகளைக் கார் தன் சில்லுகளில் நிற்கும் நிலையிலேயே இறுக்குதல் வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் இறப்பர் நிரந்தரமாக முறுகிக் கிழியும். சுக்கானை முழுவதும் திருப்பி, டயர் எங்கும் உராயவில்லை என்பதை உறுதிசெய்தபின், சில்லுகளின் கோணங்களையும் முன்விளக்குகளின் ஒளிச்சாய்வையும் மீள அமைத்தல் இன்றியமையாதது.

மலிவு எங்கிருந்து வருகின்றது?

ஜேர்மனியின் வீதிப் போக்குவரத்து அனுமதி ஒழுங்குவிதிகளின் 19ஆம் பிரிவின்படி, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடும் என எதிர்பார்க்கத்தக்க மாற்றத்தைச் செய்த வாகனம் தன் இயக்க அனுமதியை இழக்கும். குறித்த பாகம் குறித்த காருக்கெனச் சோதிக்கப்பட்ட சான்றிதழோடு வந்து, பொருத்தியபின் பரிசோதகர் அதனை ஏற்றுக்கொண்டால் அனுமதி நிலைக்கும். சான்றில்லாப் பாகத்துக்குத் தனிப்பட்ட பரிசோதனை வேண்டும். பிரித்தானியாவில் இத்தகைய முன்னனுமதி முறை இல்லை. வருடாந்தப் பரிசோதனையும், காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை அறிவிக்கும் கடப்பாடுமே உள்ளன.

இவ்வேறுபாடு நம்மைப் பொருளாதார வினாவொன்றுக்கு இட்டுச்செல்கின்றது. விலை கூடிய தொகுதியிலும் மலிவான தொகுதியிலும் இருப்பது உருக்கும் எண்ணெயும் இறப்பருமே. சிறந்த உருக்குக்கும் நுட்பமான வாயிலுக்கும் செலவு கூடுதல் உண்மை. எனினும் விலை வேறுபாட்டில் ஒரு பங்கு, இந்தக் காரின் இந்த நிறைக்கு இந்த வில்லும் இந்தத் தணிப்பும் பொருந்தும் எனக் கண்டறிந்து சோதித்த உழைப்பின் விலையாகும். மலிவான தொகுதியை விற்பவர் அவ்வுழைப்பைச் செய்யாது விடுகின்றார். ஆயினும் உழைப்பின் தேவை மறைந்துவிடுவதில்லை. அது வாங்குபவரின் தோளுக்கு மாற்றப்படுகின்றது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய இளந்தொழிலாளி, பொறியியலாளரும் சோதனைக்களமும் செய்திருக்கவேண்டிய வேலையை ஞாயிற்றுக்கிழமையொன்றில் தனியே செய்யவேண்டியவராகின்றார். அவரும் அதனைச் செய்யாதுவிடின், செலவு மேலும் கீழிறங்கி, இப்பேரத்தில் எப்பங்கும் பெறாத பாதசாரியின்மேல் விழுகின்றது.

தடை ஒன்றினாலேயே இப்பிரச்சினை தீராது. தடை மட்டும் இருப்பின், சான்றிதழ் வாங்க வசதியுள்ளவர் மாற்றுவர். வசதியற்றவர் மறைவில் மாற்றுவர். வில்லின் வன்மையையும் தணிப்பின் அளவையும் ஒவ்வொரு பாகத்தின்மீதும் பொறிக்குமாறு விற்பவரைக் கட்டாயப்படுத்தலாம். தொழில்நுட்பக் கல்லூரிகளிலே குறைந்த கட்டணத்தில் அளந்து சோதித்துக் கொடுக்கும் வசதியை ஏற்படுத்தலாம். அறிவு தனியுடைமையாக இருக்கும்வரை மலிவு ஏழைக்குக் கிடைத்த சலுகையாகாது. பின்னர் வசூலிக்கப்படும் கடனேயாகும். கம்பியின் விட்டத்தை அளக்கக் கற்ற இளைஞர் அக்கடனின் ஒரு பகுதியையேனும் முன்கூட்டியே தீர்த்தவராவர்.