வீட்டு ரவுட்டரில் வாயில் திறக்கும் முன்



பட்டர்வொர்த்தில் வாழும் நமக்குப் போர்ட் என்றதும் கப்பல்துறைதான் நினைவுக்கு வரும். இன்று நாம் பேசப்போகும் போர்ட் வேறு. வீட்டு மூலையில் விளக்குகள் மினுங்கும் ரவுட்டர் பெட்டிக்கும் போர்ட்டுகள் உண்டு. அவை கண்ணுக்குத் தெரியாத வாயில்கள். அவற்றுக்கு 65,535 வரை எண்கள் இருக்கின்றன.

தோட்டத்துக்குக் கடிதம் வந்த முறையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். தபால்காரர் லயம் லயமாக ஏறி இறங்குவதில்லை. எல்லாக் கடிதமும் ஆபீசுக்கு வரும். கிராணியார் பிரித்துக் கொடுப்பார். ரவுட்டரும் ஒரு கிராணியார்தான். வெளியுலகுக்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே கைபேசிக்கும் கணினிக்கும் கேமராவுக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் தனித்தனி எண்கள். நாம் வெளியே ஒன்றைக் கேட்டிருந்தால் அதன் பதிலை நம்மிடம் சேர்ப்பார். எவரும் கேட்காமல் வந்து நிற்பதை வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

போர்ட் ஃபார்வர்டிங் என்பது அவருக்கு நாம் கொடுக்கும் நிலையான உத்தரவு. “25565 என்று குறித்து வருவதையெல்லாம் இந்தக் கணினிக்கு அனுப்பிவிடு” என்கிறோம். மைன்கிராஃப்ட் விளையாட்டைத் தம் கணினியில் நண்பர்களுக்காக நடத்தும் பிள்ளைகள் திறக்கச் சொல்வது இந்த எண்ணைத்தான். நண்பனுக்கென்று திறந்தாலும் அது ஊருக்கே திறந்த வாயில். வருபவன் யார் என்று கிராணியார் இனிக் கேட்கமாட்டார்.

2016இல் மிராய் என்ற தீய நிரல் இணையமெங்கும் திரிந்து, 23ஆம் வாயில் திறந்து கிடந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடியது. கடையில் வாங்கியபோது இருந்த அதே கடவுச்சொல், அறுபதுக்குச் சற்று அதிகமான சொற்சோடிகளில் ஏதாவது ஒன்று, பல வீடுகளில் பொருந்திவிட்டது. இப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21இல் டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குக் கிடைக்காமல் போயின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ ஒன்றுமே தெரியாது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் மறைந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களில் மறுபடியும் புகுந்துவிடும்.

ஆகவே திறப்பதற்கு முன் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவோம். வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மென்பொருளையும் புதுப்பித்துக்கொள்வோம். பிறகு அந்தக் கணினிக்கு வீட்டுக்குள் நிலையான எண் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை அந்த எண் வேறொரு கருவிக்குப் போய், உத்தரவும் அதன் பின்னே போகும். வீடு மாறிப்போனவருக்கு வந்த கடிதத்தைப் புதிதாகக் குடிவந்தவர் பிரித்துப் பார்ப்பது போல!

அதன் பின்னரே உத்தரவு. ஒரே எண்ணை, ஒரே கருவிக்கு மட்டும் திறக்க வேண்டும். டி.எம்.இசட். என்ற வசதி எல்லா வாயில்களையும் ஒருசேரத் திறப்பது. அதைத் தொடவே வேண்டாம். யு.பி.என்.பி. என்பது கருவிகள் நம்மைக் கேளாமலே வாயில் திறந்துகொள்ள விடும் வசதி, அதை அணைத்துவிடலாம். மைன்கிராஃப்டில் அனுமதிப் பட்டியல் ஒன்று உண்டு. நண்பர்களின் பெயர்களை அதில் எழுதினால் மற்றவர் ஆட்டத்தில் சேர முடியாது. எண்ணை மாற்றிவைத்தால் ஒளிந்துகொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. தேடும் நிரல்கள் எல்லா எண்களையும் தட்டிப் பார்க்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் வேலை செய்யவில்லையா? ரவுட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது என்று பொருள். அப்போது நம் உத்தரவு பலிக்காது. நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

வீட்டுக் கேமராவுக்கு மட்டும் வாயில் திறக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. தாத்தா பாட்டியைப் பிறை தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் மகன் பார்க்க விரும்புவது நியாயம்தான். அதற்கு வி.பி.என். இருக்கிறது. வயர்கார்டு என்ற வகைக்கும் ஒரு வாயில் வேண்டும். ஆனால் சாவியில்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது. சில ரவுட்டர்களில் இது உள்ளேயே அமைந்திருக்கிறது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு சலித்ததும், அன்றைக்கே அந்த உத்தரவை ரவுட்டரிலிருந்து அழித்துவிடுங்கள்.