கறை போகும், பெயின்ட்டும் போகும்
இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், கூலர்: அழுக்கை எடுக்கும் அவசரத்தில் பொருளையே கெடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே தில்லியிலும் லக்னோவிலும் வீடுகள் தலைகீழாகிவிடுகின்றன. ஜன்னலில் தொங்கிய கூலர் இறக்கப்படுகிறது. கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டி வெயிலுக்கு வருகிறது. தெற்கே இதே வேலை ஆயுத பூஜைக்கும் போகிக்கும் நடக்கிறது. கையில் எடுக்கும் ஆயுதங்கள் மட்டும் எங்கும் ஒன்றுதான்: கம்பி நார், சலவை சோடா, கக்கூஸ் கழுவும் ஆசிட்.

மாலைக்குள் கறை போய்விடும். ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளப்பு இழந்து வெளுத்து நிற்கும். அடுத்த மழைக்காலத்தில் அங்கே ஒரு பழுப்புப் புள்ளி தலைகாட்டும். துரு!

கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்பு பீரோ தயாரிக்கத் தொடங்கியது. கல்யாணச் சீரோடு வரும் பீரோ அதன்பின் நடுத்தர வர்க்க வீட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்தக் கனத்த பெட்டியை ஈரக்காற்றிலிருந்து காப்பாற்றுவது ஏறத்தாழ ஒரு தலைமுடி தடிமனுள்ள பெயின்ட்தான். அதிலும் இரண்டு ரகம் உண்டு. பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றில் இருப்பது தொழிற்சாலையில் சூடேற்றி இறுக்கிய பூச்சு, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கேட், கிரில், டிரங்குப் பெட்டியில் பிரஷ்ஷால் அடித்த எனாமல் அப்படியல்ல. தின்னர் பட்டால் இளகும். நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம் பட்டாலும் அதே கதிதான்.

எண்ணெய்ப் பிசுக்கு

இருப்பதிலேயே பிடிவாதமானது அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் படியும் பிசுக்கு. சூடான எண்ணெய் ஆவி படிந்து, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நாளடைவில் இறுகிவிடுகிறது. எனாமல் பெயின்ட் காய்வதும் இதே முறையில்தான். அதாவது, பழைய பிசுக்கு என்பது கிட்டத்தட்ட இன்னொரு கோட் பெயின்ட்! அதைத் தின்னும் காஸ்டிக் சோடா அடியிலுள்ள நிஜ பெயின்ட்டையும் தின்னும். சூடாகக் கரைத்த சலவை சோடாவும் பளபளப்பைக் குறைக்கும்.

பொறுமைதான் இங்கே மருந்து. பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்ட வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பிசுக்கின் மேல் கால் மணி நேரம் ஒட்டிவைக்க வேண்டும். ஊறியதைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல வழித்தால் வந்துவிடும். மிச்சமிருந்தால் மறுநாள் மறுபடி செய்யலாம். ஃபிரிட்ஜ் என்றால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு வழி

மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பயப்படத் தேவையில்லை. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவப்பாக மாறுவது இயல்பு. அது தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். பீரோ கதவில் குழந்தை கிறுக்கிய பால்பாயின்ட் மைக்கும் ஸ்பிரிட்தான். பஞ்சில் தொட்டு ஒற்றியெடுக்க வேண்டுமே தவிர தேய்க்கக் கூடாது. முதலில் பின்பக்கமோ அடியிலோ ஓரிடத்தில் சோதித்துப் பார்ப்பது அவசியம். அருகில் அடுப்பு எரியக் கூடாது.

ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் விட்டு, பிறகு சோப்பு நீரால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் ஊரில் கூலரில் படியும் வெள்ளைப் படிவத்துக்கு வினிகர் நனைத்த துணியைச் சில நிமிடம் மட்டும் வைத்து, உடனே நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவிட வேண்டும். அமிலம் தங்கினால் தகட்டை அரிக்கும்.

கம்பி நார் மட்டும் எதற்குமே வேண்டாம். கீறலோடு போகாமல் நுண்ணிய இரும்புத் துகள்களையும் அது விட்டுச் செல்கிறது. பிறகு அவையே துருப்பிடிக்கும். உள்ளிருந்தே கிளம்பிய துரு துடைத்தால் போகாது. அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர் பூசி, காய்ந்தபின் எனாமல் அடிப்பதே வழி.

உயிரோடு விளையாட்டு

பெயின்ட் போனால் மறுபடி அடிக்கலாம். வேறு சில இழப்புகளுக்கு ஈடு கிடையாது. ஒன்றில் போகாத கறை இரண்டில் போகும் என்று பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்க்கிறவர்கள் உண்டு. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சிறிய அறையில் அது நுரையீரலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடும்.

பழைய கேட், கிரில்களில் இன்னொரு அபாயம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல்தான் வந்தது; 2017 நவம்பரில் அமலானது. அதற்கு முந்தைய மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் பறக்கும் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தூசை ஈரத்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அருகில் இருக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது என்பதைத் துணியே சொல்லிவிடும். அழுக்குக்குப் பதிலாக பீரோவின் நிறம் துணியில் ஒட்ட ஆரம்பித்தால் அதோடு கையை எடுத்துவிட வேண்டும். கறையோடு நிற்கும் பீரோ இன்னொரு தலைமுறையைப் பார்க்கும். பெயின்ட் போன பீரோவுக்குத் துரு நாள் குறித்துவிடும்.