இமைக்காத நடிகர்

“கண்ணப் பாருல, எப்படி அழுதுன்னு!” என்று என் தொடையைக் கிள்ளினாள் ஆச்சி. சங்கரன்கோவிலில் ஒரு தியேட்டர், தரை டிக்கெட், எனக்குப் பத்து வயது. திரை முழுக்க ஒரு நல்ல பாம்பின் தலை. ஆச்சி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் பெஞ்சிலிருந்து யாரோ குலவையிட்டார்கள். நானும் உற்றுப் பார்த்தேன். பாம்பு அழத்தான் செய்தது.

என்ன படம் என்று இப்போது நினைவில்லை. இராம. நாராயணன் படம் என்பது மட்டும் நிச்சயம். அந்த வருஷங்களில் ஒரு படத்தில் பாம்பு அம்மனைக் கும்பிட்டாலோ, யானை வில்லனைத் துரத்தினாலோ, குரங்கு துப்பறிந்தாலோ டைட்டிலில் யார் பெயர் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாம்பால் அழ முடியாது என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அதற்கு இமையே கிடையாது. கண்ணுக்கு மேல் கைக்கடிகாரக் கண்ணாடிபோல ஒரு செதில் மூடியிருக்கும். சட்டை உரிக்கும்போது அதுவும் சேர்ந்து உரிந்து வரும். கண்ணில் சுரக்கும் நீர் அந்தச் செதிலுக்கு உள்ளேயே ஓடி வாய்ப்பக்கம் இறங்கிவிடும். வெளியே ஒரு சொட்டு எட்டிப் பார்க்காது. முகம் சுளிக்க, புருவம் நெரிக்க, உதடு துடிக்க வேண்டிய தசைகளும் இல்லை. பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே முகம்.

அப்படியென்றால் அன்றைக்கு அழுதது யார்?

இராம. நாராயணன் காரைக்குடிக்காரர், 1949இல் பிறந்தவர். கதை எழுதச் சினிமாவுக்கு வந்து, 1981இல் ‘சுமை’ படத்தில் இயக்குநரானார். அதே வருஷம் ஏவி.எம். நிறுவனத்துக்காக ‘சிவப்பு மல்லி’ எடுத்தார். விஜயகாந்தும் சந்திரசேகரும் நடித்த செங்கொடிப் படம். அங்கே தொடங்கியவர் 1990இல் ‘ஆடி வெள்ளி’க்கும் 2000இல் ‘பாளையத்து அம்மன்’, ‘ராஜகாளி அம்மன்’ ஆகியவற்றுக்கும் வந்து சேர்ந்தார். நடுவில் 1989இல் காரைக்குடியிலிருந்து தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர். பகுத்தறிவுக் கட்சிக்காரர் அம்மன் படம் எடுக்கலாமா என்று எங்கள் ஊரில் ஒருவர்கூடக் கேட்டு நான் அறியேன். டிக்கெட் கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள். 2014 ஜூனில் சிங்கப்பூரில் அவர் இறந்தபோது, கணக்கில் 125க்கும் மேற்பட்ட படங்கள், ஒன்பது மொழிகள். கடைசிப் படம் 2013இல் வந்தது. சராசரி போட்டால் வருஷத்துக்கு நான்கு. ஜப்பானில் தகாஷி மீகே என்றோர் இயக்குநர் 1991இல் தொடங்கி நூறு படங்களைத் தாண்டியவர். உலகம் அவரைப் பார்த்து வாய் பிளக்கிறது. நம்மவருக்கு விமர்சகர்கள் வாயைத் திறந்ததே திட்டுவதற்குத்தான்.

மிருகங்களை நடிக்கவைத்ததில் அவர் முதல்வர் அல்ல. சாண்டோ சின்னப்பா தேவர் யானையை இந்திக்கே கொண்டுபோய் 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்தவர். பாம்புக்கு 1974இல் அவருடைய ‘வெள்ளிக்கிழமை விரதம்’ இருக்கிறது. 1979இல் ‘நீயா’ இருக்கிறது. ஆனால் இத்தனை படங்களில், இத்தனை வேகத்தில், இத்தனை குறைந்த செலவில் மிருகங்களை நம்பிப் பிழைத்தவர் இவர் ஒருவர்தான். அந்த வேகத்தின் ரகசியம் பாம்பின் அந்த ஒரே முகத்தில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை விளக்க ரஷ்யாவுக்குப் போய் வர வேண்டும்.

புரட்சி முடிந்த கையோடு, மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் என்ற இளம் இயக்குநர் ஒரு வேடிக்கை செய்தார். இவான் மொஸ்ஜூகின் என்ற பிரபல நடிகரின் முகம், எந்த உணர்ச்சியும் காட்டாத ஒரு குளோசப், கையில் கிடைத்தது. அதே துண்டை மூன்று இடத்தில் ஒட்டினார். ஒன்றில் முகத்தை அடுத்து ஒரு தட்டு சூப்பு. இன்னொன்றில் சவப்பெட்டி. மற்றொன்றில் ஒரு பெண். பார்த்தவர்கள் நடிகரைப் புகழ்ந்தார்களாம்: பசியை எப்படிக் காட்டுகிறார், துக்கத்தை எப்படி அடக்குகிறார், ஆசையை எப்படி ஒளிக்கிறார் என்று. முகமோ ஒன்றேதான். அந்தப் படச்சுருள் இன்று இல்லை. கதையைக் குலெஷோவே பெரிதாக்கிச் சொன்னார் என்பவர்களும் உண்டு. பின்னாளில் செய்து பார்த்தவர்களில் சிலருக்கு அது பலிக்கவில்லை. 2006இல் லண்டன் ஆய்வாளர்கள் மூளையை ஸ்கேன் எடுத்தபடியே இதைச் சோதித்தார்கள். அடுத்தடுத்து வரும் காட்சிக்கேற்ப அதே முகத்தை மனிதர்கள் வேறு வேறாகப் படிக்கிறார்கள் என்றுதான் முடிவு வந்தது.

மொஸ்ஜூகினாவது மனிதர், அவர் முகத்தில் ஏதோ கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். பாம்பின் முகத்தில் அந்தக் கொஞ்சமும் இல்லை. குலெஷோவ் இதைவிடச் சுத்தமான நடிகரைக் கேட்டிருக்க முடியாது.

ஆச்சி அழுத காட்சி எப்படி வந்திருக்கும் என்று இப்போது மனசுக்குள் வெட்டிப் பார்க்கிறேன். கதாநாயகி சன்னதிப் படியில் விழுந்து கும்பிடுகிறாள். பாம்பு தலையைத் தூக்குகிறது. அவள் தாலியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். பாம்பின் தலை, இன்னும் கிட்டத்தில். நாதஸ்வரம் இழைகிறது. அவ்வளவுதான், பாம்பு அழுதாயிற்று. பத்து நிமிஷம் கழித்து இதே தலையை வில்லனின் சிரிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினால் அது கோபம். வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டினால் காவல். நடிகையும் பாம்பும் ஒரே நாளில், ஒரே ஊரில்கூட இருந்திருக்க வேண்டாம். ரீடேக் இல்லை, கால்ஷீட் தகராறு இல்லை. நடிப்பு முழுவதும் எடிட்டரின் மேஜையில் பாதி, எங்கள் தலைக்குள் பாதி.

காமிரா முன்னால் அந்தப் பாம்பு உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது? பயந்துகொண்டிருந்தது. படம் எடுப்பது என்பது கழுத்துப் பக்கத்து விலா எலும்புகளை விரித்துத் தோலை இழுத்துக் காட்டுவது: நான் பெரியவன், கிட்டே வராதே. காமிராவுக்கு வெளியே யாரோ முட்டியை மடக்கி ஆட்டியிருப்பார்கள். பாம்பு அந்த முட்டியைக் கண்ணால் தொடர்ந்திருக்கும். மகுடிக்கு ஆடுவதும் இதேதான். பாம்புக்குக் காது துளை இல்லை. ஆனால் செவிடு அல்ல. உள்காது தாடை எலும்போடு இணைந்திருப்பதால் தரையின் அதிர்வு நன்றாகக் கேட்கும். காற்றில் வரும் ஒலியிலும் தாழ்ந்த சுருதி கேட்கும். மகுடியின் கீச்சுக் குரலை அது ரசிக்க வழி குறைவு. அது பார்ப்பது அசையும் சுரைக்குடுக்கையை. இதில் இன்னொரு கூத்து: 1954இல் வந்த இந்தி ‘நாகின்’ படத்தில் நாடே மயங்கிய அந்த மகுடி இசை மகுடியே அல்ல. கிளாவியோலின் என்ற மின்கருவியிலும் ஆர்மோனியத்திலும் வாசித்தது. பாம்புக்குக் கேட்காத இசை, மகுடியில் பிறக்காத இசை, ஆடியது ரசிகர்கள்.

மிருகங்களின் முகத்தை நாம் தப்பாகவே படிக்கிறோம். படத்தில் குரங்கு பல்லைக் காட்டினால் கொட்டகை சிரிக்கும். குரங்கினத்தில் பெரும்பாலும் அது அச்சத்தின் அடையாளம், அடங்கிப்போகிறேன் என்பதன் அடையாளம்.

முகமே வேண்டாம், அசைவு போதும் என்று காட்டிய ஒரு சோதனையும் உண்டு. 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சின்னப் படம் எடுத்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம். திறந்து மூடும் ஒரு பெட்டி. அவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவே. என்ன பார்த்தீர்கள் என்று 34 பேரிடம் கேட்டார்கள். பெரியது முரடன், சின்னது வீரன், வட்டம் பயந்த பெண் என்கிற மாதிரி கதை கதையாகச் சொன்னார்கள். முக்கோணம் நகர்ந்தது என்று மட்டும் சொன்னவர் ஒரே ஒருவர். முக்கோணத்துக்கே இந்த மரியாதை என்றால் நாகராஜாவுக்குக் கேட்கவா வேண்டும்?

அதிலும் பாம்பு நம் கண்ணுக்குச் சாதாரண உருவம் இல்லை. ஜப்பானில் தொயாமா பல்கலைக்கழகத்தில், பாம்பையே பார்த்திராத குரங்குகளுக்குப் படங்களைக் காட்டி, மூளையின் ஆழத்தில் பல்வினார் என்ற பகுதியின் நரம்பணுக்களைக் கவனித்தார்கள். முகம், கை, வெறும் கோலம் எல்லாவற்றையும்விடப் பாம்புப் படத்துக்கே கூடுதல் அணுக்கள் துடித்தன, வேகமாகவும் துடித்தன. 2013இல் வெளியான ஆய்வு இது. நம் முன்னோர் மரத்தில் வாழ்ந்த காலத்திலிருந்து பாம்பை முந்திப் பார்த்தவன் பிழைத்தான் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. திரையில் பாம்பு வந்ததும் தரை டிக்கெட் மொத்தமும் காலைத் தூக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

திரையில் வந்தது என்கிறேன். அங்கே எதுவும் வரவும் இல்லை, போகவும் இல்லை. 35 மி.மீ. பிலிமில் ஓரடிக்கு 16 படம். நொடிக்கு 24 படம், அதாவது ஒன்றரை அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, 2,16,000 நிழற்படங்கள். ஒவ்வொன்றும் ஜன்னல் முன் வந்து அசையாமல் நிற்கும். அடுத்தது இறங்கும்போது கோடு விழாமல் இருக்கச் சுழலும் தகடு ஒளியை மறைக்கும்; சிமிட்டல் தெரியாமலிருக்க, நிற்கும் படத்தையே இன்னொரு தரமும் மறைத்துத் திறக்கும். கூட்டிப் பார்த்தால் நேரத்தில் ஏறக்குறைய பாதி இருட்டு. ஆச்சியும் நானும் இரண்டரை மணி நேரம் படம் பார்த்தோம் என்று நினைத்த அன்று, ஒன்றேகால் மணி நேரம் வெறும் இருட்டைப் பார்த்துவிட்டு வந்தோம். கண்ணில் பிம்பம் தங்குவதால் அசைவு தெரிகிறது என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அது மட்டும் போதாது. பிம்பம் தங்கினால் ஒன்றன்மேல் ஒன்று குழம்பத்தான் செய்யும். இரண்டு நிலைகளுக்கு நடுவே இல்லாத ஓட்டத்தை மூளையே இட்டு நிரப்புகிறது என்று 1912இல் மாக்ஸ் வெர்ட்ஹைமர் எழுதினார். பாம்பின் அழுகைக்கு முன்னால் அதன் நெளிவையே நாங்கள்தான் செய்திருக்கிறோம்.

இஷிரோ ஹோண்டாவின் 1954 ‘காட்ஜில்லா’வுக்கும் இந்தக் கணக்கு உண்டு. உடுப்பு மாட்டிய மனிதனை 50 மீட்டர் மிருகமாகக் காட்ட, காமிராவை வேகமாக ஓட்டி எடுத்து, நிதானமாகத் திரையிட்டார்கள். உயரம் 25 மடங்கு என்று ஏமாற்ற வேண்டுமானால் அசைவு ஐந்து மடங்கு மந்தமாக வேண்டும். விழும் பொருளின் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு போகிறது. அங்கே எடையை வேகம் தந்தது. இங்கே சோகத்தைக் கத்தரி தந்தது.

எங்கள் ஊர் இந்த வித்தைக்குப் பழகிய ஊர் என்பதையும் சொல்ல வேண்டும். சங்கன், பதுமன் என்ற இரு நாக மன்னர்கள், சிவனா பெரியவர் திருமாலா பெரியவர் என்று சண்டையிட்டதில்தான் சங்கரநாராயணர் தோன்றினார் என்பது தலபுராணம். கோமதியம்மன் தவமிருந்ததை ஆடித்தவசு என்று கொண்டாடுகிறோம். பிரசாதம் புற்று மண். உண்டியலில் தகரத்தில் அடித்த பாம்பும் தேளும் விழும். புற்று என்றாலே எங்களுக்குப் பாம்பு. கட்டியது கறையான் என்பது பழமொழியில் மட்டும் ஞாபகம் வரும். அந்தக் கறையானைப் பற்றி 2015இல் வெளியான ஓர் ஆய்வு பெங்களூரில் நடந்தது. பகலில் புற்றின் வெளி மடிப்புகள் சூடாகி அங்கே காற்று மேலேறும், நடுப்புழையில் இறங்கும். இரவில் வெளிப்பக்கம் முந்திக் குளிர, ஓட்டம் திரும்பிவிடும். நாளுக்கு ஒரு மூச்சு. பிரசாதப் பொட்டலத்தை நெற்றியில் ஒற்றிக்கொள்ளும்போது எனக்கு இப்போது பாம்போடு அதுவும் நினைவுக்கு வருகிறது.

பழைய மாதிரிப் பாம்பைக் கொண்டுவந்து நிறுத்துவது இனி நடவாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் பாம்பைக் காக்கிறது. 2001 விதிகளின்படி படத்தில் எந்த விலங்கைக் காட்டவும் முன் அனுமதி வாங்க வேண்டும். நல்லதுதான். பாம்பாட்டிகளின் கூடையில் பல் பிடுங்கப்பட்டு, வாய் தைக்கப்பட்டுச் செத்த பாம்புகள் ஏராளம். ஆகவே இன்று பாம்பு கம்ப்யூட்டரில் பிறக்கிறது.

போன தவசுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. டிவியில் ஏதோ நாகக் கன்னி தொடர். கிராபிக்ஸ் பாம்பு புருவத்தை நெரித்தது, இமையை மூடித் திறந்தது, கண்ணிலிருந்து பளபளவென்று ஒரு சொட்டு உருண்டு விழுந்தது. ஆச்சி அசையாமல் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் தேடினாள்.

“இது என்னல, முழிக்கித மாதிரி இருக்கு?” என்றாள்.