ஒளிரும் தட்டில் ஊவாத் தேயிலை

ஆடி, ஆவணியில் இலங்கையின் ஊவா மலைகளில் வீசும் வறண்ட காற்றுதான் அங்குள்ள தேயிலைக்குத் தனி மணம் தருகிறது. அப்புத்தளையின் தம்பேதன்னை, எல்லவை அடுத்த ஹல்பேவத்த போன்ற தொழிற்சாலைகளைப் பார்க்க வருவோருக்கு அந்தத் தேயிலையைக் காட்சிப்படுத்த ஒளி ஊடுருவும் தட்டுகள் மிகவும் ஏற்றவை.

கண்ணாடியை மணல் வீச்சாலோ அமிலத்தாலோ சொரசொரப்பாக்கினால் ஒளி சிதறும். உருவம் மங்கி வெளிச்சம் மட்டும் பரவும். தெளிந்த தட்டின் ஓரத்தில் எல்.இ.டி. பட்டியைப் பொருத்தினால் ஒளி உள்ளுக்குள்ளேயே எதிரொளித்து ஓடி, செதுக்கிய கோடுகளில் வெளியேறும். இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் செதுக்கியிருந்தால் அவை மட்டும் ஒளிரும். எத்தனை அழகான வேலை அது! செதுக்கல் அடிப்பக்கத்தில் இருப்பதே நல்லது. வழவழப்பான மேற்பக்கத்தில் சிந்திய தூளை எளிதில் துடைத்துவிடலாம்.

சாதாரணக் கண்ணாடியின் விளிம்பு, அதிலுள்ள இரும்பால் பச்சையாகத் தெரியும். தேநீரின் பொன்னிறத்துக்கு அது பொருந்தாது. இரும்பு குறைந்த கண்ணாடியோ அக்ரிலிக்கோ மேல். அக்ரிலிக் சுமார் 92 விழுக்காடு ஒளியை ஊடுருவ விடும். எடையும் கண்ணாடியில் பாதிதான். ஆனால் எளிதில் கீறல் விழும், பாரம் கூடினால் வளையும்.

ஒளி பட்டால் தேயிலையின் மணம் குன்றும். ஆகவே தட்டில் தகர டப்பாக்களையும் மூடிய பொதிகளையும் அடுக்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கும் மாதிரித் தூளை அடிக்கடி மாற்ற வேண்டும்.