கம்பெனி ஓர் ஊரில், குப்பை வேறோர் ஊரில்

ஒரகடம் கூட்டுச்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஓர் ஊராட்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் பல ஆண்டுகளாக நம்மிடம் பருப்பும் எண்ணெயும் எடுத்து வருகிறார். ஒரு மழைக்காலத்தில் சரக்கெடுக்க வந்தவருக்கு முகம் சரியில்லை. கடை வாசலில் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏறிவிட்டதாம். கீழ்வரிசையில் இருந்த இரண்டு மூட்டை துவரம்பருப்பும் ஒரு மூட்டை சர்க்கரையும் வீண். ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னதற்கு "நிதி இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது.

"அண்ணாச்சி, சுத்தி எங்க பார்த்தாலும் கம்பெனி. காரும் போனும் கப்பல் கப்பலா ஏத்துறாங்க. ஒரு சாக்கடை வாரக் காசு இல்லேன்னா, அந்த வரியெல்லாம் எங்கதான் போகுது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய நமக்கும் பதில் தெரியவில்லை. பிறகு ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டோம். ஊராட்சியின் வரவு செலவு நம் கடைப் பேரேட்டைவிடக் கடினமானதல்ல. ஆனால் நம்மில் பெரும்பாலோர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். நாம் மாதாமாதம் கட்டும் ஜி.எஸ்.டி.யில் ஒரு பைசாகூட நேராக ஊராட்சிக்குப் போவதில்லை. மத்திய அரசுக்குப் பாதி, மாநில அரசுக்குப் பாதி. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மாநில நிதிக் குழுவின் பரிந்துரைப்படி எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தருகிறது. மத்திய நிதிக் குழு மானியம் தனி. அதிலும் ஒரு பகுதியைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிடலாம். ஊராட்சி தானாக வசூலிப்பவை வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவை. நிலம் கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு வசூலாகும் கூடுதல் தீர்வையிலும் உள்ளாட்சிக்குப் பங்குண்டு. நிலம் விற்று வாங்கும் சூடு தணிந்தால் அந்த வரவும் தணிந்துவிடும்.

இவற்றுள் நம் பகுதிக்கு முக்கியமானது தொழில் வரி. சம்பளம் வாங்குகிறவர்களிடமிருந்து நிறுவனமே பிடித்து, அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும். அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவின்படி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. இந்த உச்சவரம்பு 1988-இல் 250 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டது. 1988-இல் துவரம்பருப்பு என்ன விலைக்கு விற்றோம் என்பது பழைய வணிகர்களுக்கு நினைவிருக்கும். பருப்பு விலை எங்கோ போய்விட்டது, இந்த வரம்பு மட்டும் அசையவில்லை.

அப்படியிருந்தும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்ச அளவில் வரி கட்டும் ஆயிரம் பேர் வேலை செய்யும் ஓர் ஆலை இருந்தால் ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய். ஒரு கிராம ஊராட்சிக்கு இது சாதாரணத் தொகையல்ல. ஆனால் இந்தப் பணம் ஆலையின் மதில் எந்த ஊராட்சி எல்லைக்குள் நிற்கிறதோ அந்த ஊராட்சிக்குத்தான் சேரும். ஆலைக் கட்டடத்தின் வரியும் அப்படியே. தொழிலாளி எந்த ஊரில் படுத்துறங்குகிறார் என்பதற்கு இங்கே இடமில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளாகங்கள் பரந்துவிட்டன. ஒரகடத்தில் 2010 முதல் ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு என வரிசையாக வந்தன. அங்கே வேலை பார்ப்பவர்கள் சுற்றியுள்ள ஊர்களில் லைன் வீடுகளில் தங்குகிறார்கள். ஓர் அறைக்கு ஐந்தாறு பேர். அவர்கள் குளிக்கும் தண்ணீர், போடும் குப்பை, தெருவில் ஓடும் கழிவுநீர் எல்லாம் தங்கும் ஊரின் பாடு. அவர்களின் தொழில் வரியோ ஆலை இருக்கும் ஊரின் வரவு. நம் நண்பரின் ஊராட்சி இந்த இரண்டாவது வகை. எல்லைக்குள் ஒரு பெரிய ஆலை கூட இல்லை, லைன் வீடுகளோ நூற்றுக்கணக்கில். அவர் கடையில் அரிசியும் கோதுமை மாவும் கடுகெண்ணெயும் ஓடுவது அவர்களால்தான். சாக்கடை நிறைவதும் அவர்களால்தான்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடம். அரசு மானியம் பெரும்பாலும் மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிகிறது. அந்த மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி உள்ளது. 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், 2027-க்கு என அறிவிக்கப்பட்டது. 2011-க்குப் பின் வந்து குடியேறிய ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் நம் கல்லாவுக்குத் தெரிகிறார்கள், மானியக் கணக்குக்குத் தெரிவதில்லை.

ஆலை இருக்கும் ஊராட்சிக்கும் பாடு உண்டு. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடியபோது நம் கடைகளில் வியாபாரம் எப்படிப் படுத்தது என்பதைப் பார்த்தோம். ஆலை மூடினால் தொழில் வரியும் அதோடு நின்றுபோகும். சிப்காட் வளாகத்துக்குள் சாலை, விளக்கு, தண்ணீர் சிப்காட் பொறுப்பு, அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அதனால் ஊராட்சிக்கு எதற்கு வரி என்று கேட்கும் நிறுவனங்களும் உண்டு.

செலவுப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊராட்சிக்கு மூன்று வங்கிக் கணக்குகள். ஒன்று பொது நிதி, இரண்டாவது மின் கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்ட, மூன்றாவது திட்ட நிதி. தெருவிளக்கு, மோட்டார், தூய்மைப் பணியாளர் கூலி போக மிஞ்சுவதில்தான் சாக்கடை. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகவில்லை என்றால் பணம் இருந்தும் வேலை நடக்காது. அது நிதிப் பிரச்சினையே அல்ல. பெரிய சாலையோரக் கடைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கபெருமாள்கோவில் சாலையும் மாநில நெடுஞ்சாலைகள், பெங்களூர் சாலை தேசிய நெடுஞ்சாலை. அவற்றின் வடிகாலுக்கு ஊராட்சியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

தேர்தல் நடக்காத காலத்தின் நஷ்டமும் சேர்ந்தது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் தமிழகத்துக்கு வரவேண்டிய மத்திய மானியமும் தடைப்பட்டது. அன்று வராத வடிகால்தான் இன்று நம் கடைக்குள் வருகிறது.

"எல்லாவற்றையும் நகராட்சியாக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்று சிலர் சொல்கிறார்கள். குன்றத்தூரும் மாங்காடும் 2021-இல் நகராட்சிகள் ஆயின. ஸ்ரீபெரும்புதூரை உயர்த்தும் ஆணை 2025 தொடக்கத்தில் வந்தது. நகராட்சியானால் ஆணையர், பொறியாளர், சுகாதார அலுவலர் வருவார்கள், பெரிய திட்டங்களுக்குக் கடனும் கிடைக்கும். ஆனால் வரியும் கூடவே வரும். 2022 ஏப்ரலில் நகர்ப்புறச் சொத்து வரி உயர்ந்தபோது, நகராட்சிகளில் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 75 சதவீதமும் வணிகக் கட்டடத்துக்கு 100 சதவீதமும் உயர்த்தினார்கள். ஆலைக்குக் குறைவு, நம் கடைக்கு அதிகம். பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் என்ற ஏற்பாடும் வந்தது. ஊரக வேலைத் திட்டம் நகராட்சி எல்லைக்குள் கிடையாது என்பதால் அந்தக் கூலி நம் கடைக்கு வருவதும் நிற்கும். நாம் நகராட்சியை எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஒன்று செய்யலாம். ஆலை ஊராட்சிகளின் தொழில் வரியில் ஒரு பங்கை, தொழிலாளர் தங்கும் ஊராட்சிகளுக்கு ஒன்றிய அளவில் பிரித்துத் தர அரசு விதி செய்ய வேண்டும். நம் சங்கம் மனுக் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். 2025-இல் ஊராட்சிக் கடைகளுக்கு உரிமக் கட்டண விதி வந்தபோது எதிர்ப்புக்குக் கூடிய கூட்டத்தில் பாதி கூடினாலும் போதும்.

இந்த விவரங்களோடு நண்பர் குடியரசு நாள் கிராம சபைக்குப் போனார். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு, வரவு செலவைப் படித்தாக வேண்டும், கேட்கும் உரிமை எல்லா வாக்காளருக்கும் உண்டு. அவர் சாக்கடையைப் பற்றிக் கேட்டார். செயலர் வரிப் பதிவேட்டைப் புரட்டி, "உங்க கதவு எண்ணுக்கு என்ன போட்டிருக்கு, பாருங்கய்யா" என்று காட்டினார். ஓட்டு வீடு, ஒன்று. கடையும், பின்னால் அவர் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் எட்டு லைன் வீடுகளும் அதில் இல்லை. கட்டிப் பத்து ஆண்டுகளாகின்றன.

இதைக் கேட்டுச் சிரித்த நாம் மறுநாள் நம் கிடங்கின் வரி ரசீதை எடுத்துப் பார்த்தோம். பின்புறம் நீட்டிக் கட்டிய கொட்டகை அதில் ஏறவே இல்லை. வாரத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அவரும் மறு அளவீடு செய்யச் சொல்லி வரி கட்டினார், தெருவில் இன்னும் பதினைந்து பேரைக் கட்ட வைத்தார். அடுத்த மழைக்கு முன் தெருவின் பாதி வரை சிமெண்ட் கால்வாய் வந்துவிட்டது. அவர் கடை மீதிப் பாதியில் இருக்கிறது. மூட்டைகளை இப்போதும் கட்டைமேல் பலகை போட்டுத்தான் அடுக்குகிறார்.